ஒரு தடவைக்கு மேல் கேட்காதவர்

எதையும் ஒரு தடவைதான் கேட்பார். பதில் வந்தால் எடுத்துக்கொள்வார். வராவிட்டால், கேட்கவே இல்லை என்பதுபோல அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அவர் யாரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்ததில்லை. முப்பத்து மூன்று வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். ஒரே சந்தேகத்தை ஒன்பது விதமாகக் கேட்கும் பிள்ளைகளோடு காலம் தள்ளியவனுக்கு அவருடைய அந்தக் குணம் பெரிய நாகரிகமாகத் தெரிந்தது. அவரிடம் நான் முதலில் மயங்கியதும் அதில்தான். மயங்கியது என்ற சொல்லை எழுபத்து நான்கு வயதில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. வேறு சொல் போட்டால் பொய்யாகிவிடும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தபோது அவரைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. இப்போது தொடங்க வேண்டாம்.

தி.நகரில் ஒரு துணிக்கடையின் இரண்டாவது மாடியில், பட்டுப் பிரிவுக்கு அவர் பொறுப்பு. கடை முதலாளிகளும் அவரும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர்க்காரர்கள். என் மகள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தபோது, அவளுடைய நாத்தனார் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனோம். சுற்றிலும் பெண்கள் புடவைகளை மலைபோல் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்த அம்மாள் வந்து என் மகள் எதிரில் நின்றார்.

"யாருக்கும்மா?"

"நாத்தனாருக்கு."

"கல்யாணத்துல எந்த நேரத்துக்குக் கட்டணும்?"

"ரிசப்ஷனுக்கு."

உள்ளே போய் மூன்றே மூன்று புடவைகளோடு வந்தார். மகள் இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நீங்க அபிராமபுரம்தானே ஸார்? நான் உங்க பில்டிங்லதான் இருக்கேன். கீழ, பின்பக்க வீடு" என்றார்.

ஆறு வருடமாக அதே மாடிப்படியில் ஏறி இறங்கியிருக்கிறேன். எனக்கு முகம் தெரியவில்லை. என் மனைவி இருந்தவரை கட்டடத்தில் யார் யார் என்பது அவளுடைய துறை. அவள் போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

அதன் பிறகு கண்ணில் படத் தொடங்கினார். கனத்த உடம்பு. நின்று நின்று வீங்கிய முழங்கால். வாசல்படியில் இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குவார். குடியிருப்போர் கூட்டம் ஒன்றில், வாசல்படிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைக்கலாமா என்று கேட்டார். கார் நிறுத்தும் சண்டையில் யார் காதிலும் அது விழவில்லை. அடுத்த வாரம் ஒரு தச்சரைக் கூட்டிவந்து தானே வைத்துவிட்டார். மூன்றாம் மாடி மாமி தினமும் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, "இவ கேட்டப்போ ஒருத்தராவது தலையாட்டினேளா?" என்று எங்களைத் திட்டுவார்.

ஒருநாள் பாண்டி பஜாரில் தற்செயலாகச் சந்தித்துச் சேர்ந்து வீடு திரும்பும்போது, ஆட்டோ ஒன்றைக் கூப்பிட்டுக் கேட்டார். ஓட்டுநர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். இவர் ஒன்றும் சொல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆட்டோ பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

"யக்கா! இன்னாக்கா, கேட்டுட்டு நீ பாட்டுக்குப் போய்க்கினே கீற? கொறைச்சுக்கலாம், ஏறு!"

"கேட்டேன், சொன்னீங்க. அவ்வளவுதான்."

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். "இன்னா ஸார் உன் ஊட்டுக்காரம்மா, பேரம் பேசவே வுட மாட்டுது?"

நாங்கள் இருவருமே அவரைத் திருத்தவில்லை. பஸ்ஸில்தான் திரும்பினோம். அவர் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவருக்கும் அடங்கவில்லை என்பதைத் தோள் குலுங்கியதில் தெரிந்துகொண்டேன்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. மாமி கேட்டிருக்கிறார். "ஒருத்தர்ட்ட ஒரு தடவ கேட்டேன் மாமி. பதில் வரல" என்றாராம்.

எங்கள் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே, மின்மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பிள்ளையார் உண்டு. காலை ஆறு மணிக்கு அதற்கு விளக்கேற்றுவது அவர் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. அந்த நேரத்தில் நான் நடைப்பயிற்சிக்கு இறங்குவேன். மாதத்தில் மூன்று நான்கு நாள் தீப்பெட்டியை மூன்றாவது படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். கையில் கொடுக்க மாட்டார்.

"ஸார், இன்னிக்கு நீங்க."

எனக்குப் புரியும். எனக்குப் புரிகிறது என்பது அவருக்கும் தெரியும். அந்த நாட்களில் விளக்கைத் தொடாமல் இருப்பதெல்லாம் அர்த்தமற்றது என்று கல்லூரியில் மேடை போட்டுப் பேசியவன்தான் நான். ஆனால் அந்த மூன்றாவது படியிலிருந்து தீப்பெட்டியை எடுக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நாட்களுக்காகக் காத்திருந்தேன். மனைவி போன பிறகு, ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய ஏதோ ஒன்று, சொல்லாமலே என்னை நம்பிச் சொல்லப்பட்டது அந்த ஒரு படியில்தான். நான் விளக்கேற்றும்போது அவர் சுவரோரம் கைகட்டி நிற்பார். திரியைத் தூண்டச் சொல்லுவார். அவ்வளவுதான். மூன்று நிமிடம்.

பிறகு அது குறைந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு நான்கு மாதம் கழித்து ஒருமுறை. அதற்கப்புறம் இல்லை. அவருக்கு அப்போது ஐம்பது வயது முடிந்திருக்கும். கடையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வியர்த்துக் கொட்டுவதாக மாமியிடம் சொல்லியிருக்கிறார். மாமி விசிறி ஒன்று கொடுத்தார். ஒன்றரை வருடம் எல்லா நாளும் அவரே விளக்கேற்றினார். எல்லா நாளும் நான் அதைப் பார்த்தபடி கடந்து போனேன். எனக்குப் பிரியமான ஒன்று நின்றுபோய்விட்டது. அதை யாரிடம் சொல்ல முடியும்?

அந்தக் காலத்தில்தான் நான் கீட்டோ உணவுமுறைக்கு மாறினேன். எனக்குச் சர்க்கரை நோய். கைபேசியில் ஒரு குழுவில் சேர்ந்தேன். அரிசி இல்லை, கோதுமை இல்லை, பழம் இல்லை. முட்டை, பனீர், வெண்ணெய், தேங்காய் எண்ணெய். என் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது நன்றாகவே வேலை செய்தது. நான்கு மாதத்தில் பதினொரு கிலோ இறங்கினேன். மாத்திரை பாதியானது. அதோடு நின்றிருக்கலாம். வாத்தியார் நிற்பானா? லஸ் பூங்காவில் நடக்கிறவர்களையெல்லாம் நிறுத்திப் பாடம் எடுத்தேன். கரும்பலகை இல்லாத குறைதான்.

ஒரு காலை விளக்கேற்றி முடித்துவிட்டு, "ஸார், எனக்கும் அது ஒத்து வருமா? முட்டிக்கு எடையக் குறைக்கணும்" என்று கேட்டார்.

"தாராளமா வரும்" என்றேன். அவருடைய டாக்டரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. எனக்குச் செய்ததை அவருக்குச் செய்யவில்லை. மறுநாளே நான்கு பக்கத்துக்கு என் கையெழுத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தேன்.

எழுதியதை அப்படியே செய்தார். தேங்காய்ப்பால் சொதி என்றால் உயிர் அவருக்கு. அதன் பிறகு சொதியைச் சோறில்லாமல் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார். முதல் இரண்டு வாரம் தலைவலி. எலுமிச்சை ஜூஸில் உப்புப் போட்டுக் குடிக்கச் சொன்னேன், குடித்தார். புதன்கிழமை அவருக்கு விடுமுறை. பட்டினப்பாக்கம் போய் மீன் வாங்கி வருவார். ஒருமுறை நானும் போனேன். மீன்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, சோறே துன்றதில்லையாமே? வெறும் மீனத் துன்னா கடல்ல போய்ப் படுத்துக்க வேண்டியதுதான்!"

"ஸார்தான் சொன்னாரு" என்று என்னைக் காட்டினார்.

"இவரா? யோவ், உன்னப் பாத்தாலே கருவாடாட்டம் கீற. அந்தப் பொம்பளையையும் காய வெச்சிராத!"

மூவரும் சிரித்தோம். வஞ்சிரம் வாங்கினோம். முழங்கால் வலி குறைந்தது. படியில் நேராக இறங்க ஆரம்பித்தார். ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தார். பூங்காவில் என்னோடு மூன்று சுற்று நடந்தார். அவர் இறங்கிய ஒவ்வொரு கிலோவையும் நான் குழுவில் எழுதினேன், பெயர் போடாமல். கைதட்டல் படங்கள் குவிந்தன. அந்தக் காலைகளைப்போல ஒன்று எனக்கு இனி வராது.

நான்காவது மாதம் ஒரு காலையில் இறங்கிவந்தேன். மூன்றாவது படியில் தீப்பெட்டி இருந்தது.

அவர் சுவரோரம் நின்றார். முகத்தில் குழப்பமா, வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் முகத்தைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. எனக்குள் சந்தோஷம். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்று எனக்கு வந்தது சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்துப் பூங்காவில், நடையின் நடுவே பெஞ்சில் உட்கார்ந்தார். கைக்குட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஸார், ஒண்ணு கேக்கலாமா? இந்த டயட்ல... நின்னு போனது திரும்ப வருமா?"

அவர் வளர்ந்த வீட்டில் இதைத் தகப்பனிடம்கூடப் பேசியிருக்க மாட்டார். வேறு ஆணிடம், பூங்கா பெஞ்சில், பட்டப்பகலில் கேட்டார். எவ்வளவு பயந்திருந்தால் கேட்டிருப்பார் என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்தினேன். கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சேர்ந்திருக்கும். எடை வேகமாகக் குறையும்போது அது வெளியே வரும். நின்றுபோன சுழற்சி அதனால் திரும்ப ஓடும். குழுவில் எத்தனையோ பெண்கள் இதையே எழுதியிருக்கிறார்கள். "உடம்பு பின்னோக்கிப் போகுதுன்னு அர்த்தம். நல்ல அறிகுறிதான். பயப்பட ஒண்ணுமில்ல" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி ஸார்" என்றார். மீதிச் சுற்றை நடந்தோம்.

நான் சொன்னது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. பின்னால் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில் இருக்கிற பெண்களுக்கு, உணவும் எடையும் வேகமாக மாறினால் நாட்கள் முன்பின்னாகலாம், தவறலாம், கூடலாம். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் அடியோடு நின்றுபோனவருக்கு மறுபடி ரத்தம் பட்டால், அது டயட்டா வேறா என்று வீட்டில் உட்கார்ந்து யாரும் தீர்மானிக்கக் கூடாது. அந்த வாரமே போய்க் காட்ட வேண்டும். அவ்வளவு சின்ன விஷயம். ஹார்மோனின் வாய்பாடு எனக்குத் தெரியும். இது தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாடி மாமிக்குத் தெரிந்திருந்தது. பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறவர். ஒருநாள் படியில் என்னை நிறுத்தினார்.

"என்ன, நாலு நாளா நீர் விளக்கேத்திண்டிருக்கீர்? அவளுக்குத்தான் நின்னுடுத்தே?"

"டயட்டால திரும்ப வந்திருக்கு மாமி. நல்லதுதான்."

"நல்லதா? யார் சொன்னா? எங்காத்துல என் அத்தைக்கு இப்படித்தான் அம்பத்தஞ்சு வயசுல வந்தது. வீட்டோட வெச்சுண்டிருந்தோம், போயே போய்ட்டா. லேடி டாக்டர்ட்ட அழைச்சுண்டு போம்."

"உங்க அத்தை காலத்துல என்ன வியாதின்னே யாருக்கும் தெரியாது மாமி. இது சயின்ஸ்."

"நீர் சயின்ஸைக் கட்டிண்டு அழும். அவ பொம்மனாட்டி. நான் சொல்றேன்னு சொல்லும், போதும்."

நான் சொல்லவில்லை. மாமி எட்டாவதுவரை படித்தவர். அதற்கடுத்த வாரமே அவர் மகன் வந்து பெங்களூருக்கு அழைத்துப்போய்விட்டான், பேரனைப் பார்த்துக்கொள்ள. இல்லாவிட்டால் மாமியே நேராகச் சொல்லியிருப்பார்.

எங்கள் தவறு இன்னொரு விதத்திலும் நடந்தது. ரத்தம் பட்டால் விளக்கைத் தொடக் கூடாது என்ற அந்த ஒரு வழக்கம் எங்களுக்கு எல்லாவற்றையும் எளிதாக்கிவிட்டது. தீப்பெட்டி படிக்கு வந்ததும் அது "அந்த நாட்கள்" ஆகிவிட்டது. அந்த நாட்களுக்கு ஒரு முறை உண்டு, தலைக்குக் குளித்தால் முடிந்தது. நோய்க்கு அப்படி ஒரு முறை இல்லை. நாங்கள் இருவரும் ஒரு நோயை எடுத்து, தெரிந்த பழக்கத்துக்குள் வைத்துவிட்டோம். அவர் என்னை நம்பி வைத்தார். நான் ஆசைப்பட்டு வைத்தேன்.

ஏழு மாதம் போயிற்று. முதலில் மாதத்துக்கு ஒருமுறை வந்தது. பிறகு மாதம் இருமுறை. ஒருதரம் தொடர்ந்து ஒன்பது நாள் நானே விளக்கேற்றினேன். ஒன்பதாம் நாள் தீப்பெட்டியை எடுத்தபோது, இது மாதவிடாய் இல்லை என்று எனக்குள் ஒரு குரல் தெளிவாகச் சொன்னது. அவர் முகம் வெளுத்திருந்தது. ரவிக்கை மறுபடி தொளதொளத்திருந்தது, இந்த முறை டயட்டால் மட்டுமல்ல. கேட்டிருக்க வேண்டும். கேட்டால், பெஞ்சில் நான் சொன்னது தப்பு என்றாகிவிடும். இன்னொன்றும் உண்டு. கேட்டுவிட்டால் அந்த மூன்று நிமிடம் இல்லாமல் போய்விடும். திரியைத் தூண்டிவிட்டு நடக்கப் போய்விட்டேன்.

அவர் மறுபடி கேட்பார் என்று எதிர்பார்த்தேனா? அப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிரச்சினை இருந்தால் சொல்லுவாரே என்று. எதையும் இரண்டாம் தடவை கேட்காதவர் என்று அவரை அதிகம் அறிந்தவன் நான்தான்.

ஆடித் தள்ளுபடி நேரத்தில், கடையில் கூட்டத்துக்கு நடுவே மயங்கி விழுந்தார். கடையிலிருந்து என்னைக் கைபேசியில் அழைத்தார்கள். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில் என் எண்ணைக் கொடுத்திருந்தாராம். என்னைக் கேட்கவில்லை. "ஸார், நீங்க அக்காவுக்கு என்ன வேணும்?" என்று போனில் ஒரு பெண் கேட்டாள். "ஒரே பில்டிங்" என்றேன்.

மருத்துவமனையில் டாக்டர் என் மகள் வயதுப் பெண். ஸ்கேன் எடுத்து, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். இவருடைய தம்பி பாளையங்கோட்டையிலிருந்து இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. நான்தான் கோப்பைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

"நின்னு எவ்வளவு நாளாச்சும்மா?"

"ஒன்றரை வருஷம் நின்னிருந்துச்சு டாக்டர். அப்புறம் வந்துச்சு. ஏழெட்டு மாசமா."

"ஏழெட்டு மாசமாவா? நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் உடனே வரணும். ஏன் வரல?"

"டயட்ல இருந்தேன். எடை குறைஞ்சதால இருக்கும்னு..."

டாக்டர் பேனாவை வைத்தார். "டயட் இதக் கொண்டுவரல. அத நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா டயட்டாலதான்னு நினைச்சுக்கிட்டு இருந்த மாசங்கதான் போச்சு. கர்ப்பப்பை உள்சுவர்ல ஆரம்பிச்ச கேன்சர் இப்ப வெளிய தாண்டியிருக்கு. முதல்லயே வந்திருந்தா பெரும்பாலும் ஆபரேஷனோட முடிஞ்சிருக்கும்." பிறகு, கோபமில்லாமல்தான் கேட்டார். "படிச்சவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

"நான்தான் டாக்டர் ஒழுங்கா கேக்கல" என்றார்.

என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கேட்டார், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இவரு யாரு?" என்று டாக்டர் கேட்டதற்கும் அவரே பதில் சொன்னார். "எங்க பில்டிங் ஸார். ரொம்ப உதவி."

அறுவை சிகிச்சை இங்கே நடந்தது. அதன் பிறகு தம்பி அவரைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப்போனார். மீதி சிகிச்சை அங்கே. புதன்கிழமை மதியங்களில் போன் செய்வேன். முடி கொட்டிவிட்டது என்பார். தம்பி மகளுக்குப் புடவை மடிக்கச் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்லுவார். ஒன்றரை வருடம் இருந்தார். போன செய்தியைத் தம்பிதான் சொன்னார். வரட்டுமா என்றேன். "நீங்க வந்து சேர்றதுக்குள்ள எடுத்துருவோம் ஸார்" என்றார் மரியாதையாக. நான் போகவில்லை. அதற்குள் கீழ்வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. குழுவிலிருந்து நான் விலகிவிட்டேன். விலகும்முன் டாக்டர் சொன்னதை எழுதிப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அதை நீக்கிவிட்டார்கள். யார் படித்தார்களோ தெரியாது. அதனால் இங்கே எழுதியிருக்கிறேன்.

அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால், ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, என்னையும் மீறி ஒரு பேச்சு வந்துவிட்டது. குரல் மெலிந்திருந்தது அவருக்கு. சாப்பாடு பற்றிக் கேட்டேன். கஞ்சி என்றார். அப்போது சொன்னேன்.

"அன்னிக்கு பார்க்ல நீங்க கேட்டதுக்கு... விஷயம் தெரியாமலே பதில் சொல்லிட்டேன்."

"தெரியும் ஸார்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னிக்கே."

அங்கே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"நீங்க அதச் சொல்லும்போது அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. உங்க மூஞ்சிய நான் அப்படிப் பாத்ததே இல்ல. சரின்னுட்டேன்."

கைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவரே பேச்சை மாற்றினார்.

"அங்க மழையா ஸார்? டிவியில மெட்ராஸ்ல மழைன்னு சொல்றான்."

"இல்லையே" என்றேன்.

"சரி ஸார்" என்று வைத்துவிட்டார்.

உள்ளறையிலிருந்து எழுந்து பால்கனிக்கு வந்தேன். காலையில் கொடியில் போட்ட வேட்டியும் துண்டும் நனைந்து கனத்துத் தொங்கின. தெரு முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.